கிழிக்காத காரியப் பத்திரிகை

எங்கள் கல்லூரியில் ஆவணக் காப்பகம் உருவானதற்கு வரலாற்றின் மேல் யாருக்கோ திடீரென்று வந்த ஆசை காரணமல்ல. தரம் பார்க்கும் குழு வரப்போகிறது, உள்ளூர் வரலாற்றுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள், அதற்குத் தனி மதிப்பெண் உண்டு என்று யாரோ முதல்வரின் காதில் போட்டுவிட்டார்கள். உடனே பழைய தாவரவியல் கூடத்தைக் காலி செய்து, சுவருக்கு வெள்ளையடித்து, இரும்பு அலமாரிகளை நிறுத்தி, வாசலில் பலகையும் மாட்டினார்கள். பலகை மாட்டிய பிறகுதான் உள்ளே வைக்க ஏதாவது வேண்டுமே என்ற யோசனை வந்தது. செங்கல்பட்டில் இது ஒன்றும் புதிதல்ல. இங்கே நிழற்குடையை முதலில் கட்டுவார்கள், பேருந்து அங்கே நிற்குமா என்று அப்புறம் பார்த்துக்கொள்வார்கள்.

வீட்டில் கிடக்கும் பழைய காகிதங்களைத் தாருங்கள் என்று சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் கேட்டு எழுதினோம். அச்சரப்பாக்கத்து நெல் வியாபாரி வீட்டிலிருந்து லாரி வாடகைச் சீட்டுகள் வந்தன. திருவிடந்தையிலிருந்து கோயில் உற்சவ நோட்டீஸ்கள் வந்தன. மாமல்லபுரத்தில் வழிகாட்டியாக இருந்த ஒருவருக்கு வெள்ளைக்காரர்கள் அனுப்பிய புத்தாண்டு வாழ்த்து அட்டைகள் ஒரு பை நிறைய வந்தன. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தன்னைப் பற்றித் தானே எழுதிய வாழ்க்கை வரலாற்றை, காணாமல் போய்விடக் கூடாது என்று, பல படிகளாகக் கொடுத்தார். எதுவும் காணாமல் போகவில்லை. யாரும் எடுத்துப் பார்க்கவும் இல்லை.

உருப்படியாக வந்தது சதுரங்கப்பட்டினத்து வாத்தியாரின் டிரங்குப் பெட்டிகள்தான்.

அவர் அந்தப் பக்கத்து ஆரம்பப் பள்ளியில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். ஊருக்குள் அவருக்குப் பத்திரிகை வாத்தியார் என்று பெயர். செய்திப் பத்திரிகை இல்லை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, கடைசியில் கருமாதிக்கு அடிக்கும் காரியப் பத்திரிகை. சுற்றியுள்ள குப்பங்களிலும் தெருக்களிலும் எந்த வீட்டில் எது நடந்தாலும் அதன் அச்சடித்த தாள் ஒன்று அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். மற்றவற்றை வீட்டுக்காரர்களே கொடுப்பார்கள். காரியப் பத்திரிகையை மட்டும் யாரும் கொடுக்கமாட்டார்கள், கொடுக்க அவர்களிடம் இருக்கவும் இருக்காது. எங்கள் பக்கத்தில் அது வீட்டுக்குள் வரக் கூடாது. வாசலிலேயே நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். அதனால் அவர் அச்சகத்துக்காரரிடம் சொல்லி வைத்து, கட்டு கட்டும்போதே கிழிக்காத தாள் ஒன்றை வாங்கி வைத்துவிடுவாராம்.

அவர் இறந்த பிறகு பெட்டிகளை எடுத்து வர வேனில் நானும் போனேன். நூலகர் என்பதால் கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்று என்னை ஏற்றிவிட்டார்கள். கால்வாய்க்கு மேற்கே, கடல் காற்று மட்டும் வரும், கடல் வராத தூரத்தில் வீடு. சுனாமியின்போதும் தண்ணீர் அங்கே வரவில்லை. பெட்டிகள் வீட்டுக்குள் இல்லை, சைக்கிள் கொட்டகையில் இருந்தன. அவர் மனைவி தள்ளி நின்றபடியே சொன்னார்.

"அந்தக் கருப்புப் பத்திரிகையெல்லாம் வூட்டுக்குள்ள ஆவாதுன்னு சொன்னேம்மா. கல்யாணப் பத்திரிகைய மட்டும் எடுத்தாந்து உள்ள வெச்சிக்க, வேணாங்கலன்னேன். பிரிக்க மாட்டேன்னுட்டாரு. ஒரு வூடுன்னா ரெண்டும்தான் இருக்கும்னாரு. அப்ப ரெண்டுமே வெளியவே கெடக்கட்டும்னு வுட்டுட்டேன்."

திறந்து பார்த்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பழுப்புக் கவர். மேலே குப்பத்தின் பெயர், தெரு, வீட்டுத் தலைவர் பெயர். உள்ளே அந்த வீட்டில் நடந்த நல்லதும் கெட்டதும் நடந்த வரிசையிலேயே, ஜெம் கிளிப் போட்டு. உப்புக்காற்றில் கிளிப்புகள் துருப்பிடித்துத் தாள்களில் தடம் பதித்திருந்தன. ஒரு கவரை எடுத்துப் புரட்டினால் ஒரு வீடு முழுவதும் கையில் வந்துவிடும். நான் பார்த்த எந்தப் பெரிய காப்பகத்திலும் இவ்வளவு ஒழுங்கைப் பார்த்ததில்லை. இந்த வரிசையைக் கலைக்கக் கூடாது என்று வேனில் திரும்பும்போதே முடிவு செய்துகொண்டேன். முடிவு செய்யும் அதிகாரம் எனக்கு இல்லை என்பதுதான் பிரச்சினை.

காப்பகத்துக்குப் பொறுப்பாளர் வரலாற்றுத் துறைப் பேராசிரியர். நல்ல மனிதர், நிறையப் படித்தவர், வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் எல்லாம் பேசியவர். கவர்களைக் காட்டியதும் முதலில் மகிழ்ந்தார். அடுத்து ஒரு காரியப் பத்திரிகை கையில் வந்தது. சட்டென்று மேசை மேல் வைத்துவிட்டார்.

"மேடம், குழு வர்ற அன்னிக்குக் கண்ணாடிப் பெட்டியில இது நிக்கக் கூடாது. நல்ல காரியமா வர்றாங்க."

"இதைப் பிரிச்சா அப்புறம் எது எந்த வீட்டுதுன்னே தெரியாது சார்."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்?"

மாணவர்களை உட்கார வைத்துப் பிரித்துவிட்டார்கள். கல்யாணமும் காதுகுத்தும் கவரிலேயே இருந்தன, அவற்றுக்கு 'மங்கலம்' என்று அழகான சீட்டு. காரியப் பத்திரிகைகளை மட்டும் உருவி அட்டைப் பெட்டிகளில் கொட்டினார்கள். அவற்றின் மேல் அமங்கலம் என்று எழுதவும் கை வரவில்லை போலும், 'மற்றவை' என்று எழுதினார்கள். 'மற்றவை' மாடிப்படிக்குக் கீழே, உடைந்த பெஞ்சுகளோடு போய்ச் சேர்ந்தது. எனக்கு முன்கோபம் உண்டு. அன்று பேராசிரியரிடம் கொஞ்சம் அதிகமாகவே பேசினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். குழு வந்தது, பார்த்தது, சமோசா சாப்பிட்டது, போனது. அது போன மறுவாரமே காப்பகத்தில் எல்லோருக்கும் ஆர்வம் தீர்ந்துவிட்டது. சாவியைக் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு யாரும் வரவில்லை. அப்படியிருக்க ஒருநாள் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி சிறுசேரியில் கணினி அலுவலகம் ஒன்றில் வேலை செய்பவள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் லேப்டாப் பை. இன்னொருத்தி அவளுடைய சித்தி. அதாவது அப்பாவின் இரண்டாவது மனைவி. கையில் மஞ்சள் பையோடு, வராந்தாவைத் தாண்டி உள்ளே வராமல் கதவருகிலேயே நின்றுகொண்டார். பேசியதெல்லாம் அவர்தான்.

"பத்திரிக வாத்தியார் வூட்டுக்குப் போனோங்க. அந்தம்மாதான், எல்லாத்தையும் காலேஜுக்குத் தூக்கிக் குடுத்துட்டோம், அங்க போய்ப் பாருங்கன்னு சொல்லுச்சி. இதோட அம்மா காரியப் பத்திரிக இங்க கீதாங்க?"

விஷயம் இதுதான். அந்தப் பெண்ணுக்கு ஒரு வயதாக இருக்கும்போது அவளைப் பெற்றவள் காய்ச்சலில் இறந்துபோனாள். இருந்த சில புகைப்படங்களும் சுனாமியில் வீட்டோடு போய்விட்டன. தாய்மாமன் வீடும் அதே குப்பத்தில்தான். அங்கேயும் எதுவும் மிஞ்சவில்லை. இப்போது அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைப்பார்கள். பூவோடும் பொட்டோடும் போய்ச் சேர்ந்த பெண்ணை வீட்டுத் தெய்வமாக அழைத்து, புதுப்புடவை வைத்து, பூச் சாத்தி, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. படம் கட்டாயமில்லை. நானும் அதைத்தான் சொன்னேன்.

"பொடவைக்குப் படைக்கலாம்ங்க, யாரு வேணான்னா?" என்றார் சித்தி. "ஆனா இந்தப் பொண்ணு யாரப் பாத்துக் கும்புடும்? அதுக்கு அக்கா மூஞ்சே தெரியாதுங்க. பத்திரிகைல போட்டா போட்டுருந்துச்சின்னு இவங்க அப்பா சொல்றாரு. ஊருல ஒரு வூட்லயும் கெடையாது. எல்லாம் அன்னிக்கே கிழிச்சிப் போட்டுட்டாங்க."

தான் பார்த்தே இராத மூத்தாளை அவர் அக்கா என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பெண் அப்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அப்பா எப்பவும் சொல்லுவாரு மேடம், உன்னாட்டமே இருப்பான்னு. அதனால கண்ணாடியில பாத்துப்பேன்."

முதலில் கவரை எடுத்தேன். குப்பம், தெரு, அவள் அப்பாவின் பெயர். உட்காரச் சொல்லிவிட்டு எழுந்து போய்த் திரும்புவதற்குள் கிடைத்துவிட்டது. உள்ளே பெற்றோரின் கல்யாணப் பத்திரிகை இருந்தது. அந்தக் காலத்துக் கல்யாணப் பத்திரிகையில் ஏது படம்? ரோஸ் நிறத் தாளில் ஒரு ஜோடிக் கிளி, அவ்வளவுதான். தாளின் ஓரத்தில் ஜெம் கிளிப்பின் துருத் தடம் ஆழமாக இருந்தது. அதோடு சேர்த்துச் செருகியிருந்த இன்னொன்றைத்தான் காணோம். பிரிக்காமல் விட்டிருந்தால் அந்த நிமிடமே அவள் அம்மாவைப் பார்த்திருப்பாள். எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. ஆனால் பேராசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார், கோபத்தை யாரிடம் காட்ட? மாடிப்படிக்குக் கீழே போய்ப் பெட்டிகளை இழுத்துப் போட்டேன்.

காப்பகத்தில் எனக்கு உதவிக்கு ஓர் அம்மாள் உண்டு. செங்கல்பட்டுக்காரி, வாய் கொஞ்சம் நீளம். பழைய தாள்களைத் தொடும்போது கையுறை போட வேண்டும் என்று நான் தலைகீழாக நின்றும் கேட்காதவள், அன்று தானாகவே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். அழுக்குக்குப் பயந்து அல்ல.

"இன்னா மேடம் இது, ஊர்ச் சாவெல்லாம் கொண்டாந்து மேசை மேல கொட்டிகினு. இன்னிக்கு வூட்டுக்குப் போனா தலைக்கு ஊத்தாம உள்ள கால் வெக்க முடியாது."

"அப்போ ஊத்திக்கோ."

"வெந்நி நீங்களா வெச்சித் தருவீங்க?" என்று முணுமுணுத்தாளே தவிர, எழுந்து போகவில்லை.

தேடுவது நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. பெட்டிகள் பல, உள்ளே எந்த வரிசையும் இல்லை. இறந்தவளின் பெயர் அந்தக் கடற்கரையில் தெருவுக்கு இரண்டு பேர் வைத்துக்கொள்ளும் பெயர். அந்தப் பெயரில் பத்திரிகை வந்துகொண்டே இருந்தது. கிழவி, நடுவயதுக்காரி, பள்ளிக்கூடப் பெண். மகள் தனக்கு விடுமுறை கிடைத்த நாட்களிலெல்லாம் வந்தாள். விடுமுறை கிடைக்காத நாட்களிலும் வந்து லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொள்வாள்; காதில் ஏதோ ஒரு கூட்டம் ஓடிக்கொண்டிருக்க, கை பாட்டுக்குத் தாள்களைப் புரட்டும். நடுவில் "யெஸ், ஐ வில் செக்" என்று இங்கிலீஷில் யாருக்கோ பதில் சொல்வாள். சித்தியும் கூடவே வந்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். பந்தக்கால் நடப்போகிற வீட்டுக்காரர்கள் சாவுத் தாள் இருக்கும் அறைக்குள் வரக் கூடாது என்பது அவர் கணக்கு. கல்யாணப் பெண்ணே உள்ளே இருக்கிறாளே என்று கேட்டதற்கு, "அது அதோட அம்மாவைத் தேடுது. அதுக்குத் தோஷம் இல்ல" என்றார்.

அவள் தேடும் விதத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. சரியான பெயர் வரும்போதெல்லாம் முதலில் படத்தைப் பார்ப்பாள். பிறகு கீழே இருக்கும் பெயர்களைப் படித்து, இல்லை என்று தெரிந்து, அடுத்ததற்குப் போவாள். ஒரு நாளைக்கு இத்தனை அம்மாக்களை அடைந்து இத்தனை பேரையும் தொலைப்பது யாராலும் ஆகிற காரியமல்ல. மூன்றாவது தடவை வந்தபோது அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் சொன்னேன்.

"முகத்தைப் பாக்காதம்மா. கீழ 'இப்படிக்கு'ன்னு இருக்கும். அதை மட்டும் படி. அப்பா பேரு இருந்தா அப்புறம் மேல பாரு."

அதற்குப் பிறகு அவள் பத்திரிகையைக் கையில் எடுத்தவுடன் படத்தை உள்ளங்கையால் மூடிக்கொள்வாள். மூடியபடியே கீழே படிப்பாள். இல்லையென்றால் கையை எடுக்காமலே கவிழ்த்து வைத்துவிடுவாள். முகம் தெரியாத அந்தப் பெண்களுக்கும் ஒரு மரியாதை செய்ததைப் போல இருந்தது.

ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் போகலாமா என்று உதவியாளர் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவள் ஒரு பத்திரிகையை மூடியபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். கவிழ்க்கவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். கீழே கணவர் என்ற இடத்தில் அவள் அப்பாவின் பெயர். அதற்குக் கீழே மகள் என்று போட்டு இவள் பெயர். ஒரு வயதுக் குழந்தை தன் தாய் இறந்துவிட்டதை ஆழ்ந்த வருத்தத்துடன் ஊருக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தது.

"கைய எடும்மா" என்றாள் உதவியாளர். அவள் குரலே மாறியிருந்தது.

அந்தப் பெண் கையை எடுக்கவில்லை. "சித்தி!" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பந்தக்காலைப் பற்றிய கணக்கெல்லாம் அப்போது நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. அவர் வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் அவள் உள்ளங்கையை நகர்த்தினாள்.

கருப்புக் கட்டத்துக்குள் முட்டை வடிவத்தில் ஒரு படம். மலிவு அச்சு, மை கொஞ்சம் பரவியிருந்தது. ஆனாலும் முகம் தெளிவாகவே இருந்தது. கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்திருக்க வேண்டும், தோளருகில் பக்கத்தில் நிற்பவரின் சட்டை கொஞ்சம் தெரிந்தது. ரெட்டைச் சடை போட்டால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடலாம் போல அவ்வளவு சின்னப் பெண். கன்னம், மூக்கு, நெற்றி எதிலும் இவள் சாயல் இல்லை. வட்ட முகம் அவளுக்கு, இவளுக்கு நீள முகம்.

"என்னைவிடச் சின்னப் பொண்ணு" என்றாள் அவள். பிறகு, "நான் இவங்களாட்டம் இல்லையே சித்தி. அப்பாவுக்கும் மறந்துபோச்சு போல."

சித்தி படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். குனிந்து, மூக்கு தாளில் படும்படி பார்த்தார். "காதப் பாருடி. அந்தக் காது யாருது? உன்னுதுதான்" என்றார். அவள் அப்போதுதான் அழுதாள். உண்மையில் அந்தப் படத்தில் காது அவ்வளவு துல்லியமாகத் தெரியவில்லை.

காப்பகத்திலிருந்து அசல் எதுவும் வெளியே போகக் கூடாது என்பது விதி. அவர்களும் அசலைக் கேட்கவில்லை. கல்யாண வீட்டுக்கு அதைக் கொண்டுபோக முடியாது. படத்தை மட்டும் பெரிதாக ஸ்கேன் செய்து, கருப்புக் கட்டத்தை நீக்கி அவள் கைப்பேசிக்கு அனுப்பினேன். ஸ்டுடியோக்காரர் மையைச் சரிசெய்து, வண்ணம் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். "புடவைக்கு என்ன கலர் போடறதுன்னு கேக்கறாரு மேடம். யாருக்குமே தெரியல" என்று பிறகு ஒருநாள் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள். எனக்கும் தெரியாது என்று பதில் போட்டேன்.

காரியப் பத்திரிகையை மறுபடியும் 'மற்றவை'யில் போட எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டுக் கவரை எடுத்து, ரோஸ் நிறக் கல்யாணப் பத்திரிகையின் பின்னால் வைத்தேன். ஒன்றின் துருத் தடம் இன்னொன்றின் மேல் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. மிச்சப் பெட்டிகளையும் இப்படி ஒவ்வொன்றாகக் கவர்களில் சேர்க்க ஆரம்பித்திருக்கிறோம். நான் ஓய்வு பெறுவதற்குள் முடியாது. உதவியாளர் தினமும் தலைக்கு ஊற்றிக்கொள்வதை நிறுத்திவிட்டாள். கையுறையையும் நிறுத்திவிட்டாள், அதுதான் கஷ்டம்.

கல்யாணத்துக்குச் சில வாரங்கள் முன்னால் இருவரும் பத்திரிகை வைக்க வந்தார்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பூ, பழம், அதன் மேல் பத்திரிகை. நான்கு மூலையிலும் மஞ்சள், இன்னும் ஈரம் காயவில்லை. பிரித்தேன். மேலே பிள்ளையார். அதற்குக் கீழே தெய்வத்திரு என்று போட்டு அந்த வட்ட முகம். புடவை பச்சை நிறமாகியிருந்தது.

"வூட்ல வெச்சிப் படைச்சாச்சிங்க" என்றார் சித்தி. "பச்சைதான் அக்காவுக்கு எடுப்பா இருக்கும்னு நானே சொல்லிட்டேன்."

அந்தப் பெண் பையிலிருந்து இன்னொரு பத்திரிகையை எடுத்தாள். அதிலும் மஞ்சள் தடவியிருந்தது. "இது எங்க வீட்டுக் கவருக்கு மேடம்."

உதவியாளர் என் முகத்தைப் பார்த்தாள். "அம்மாடி, அதுல அந்தப் பத்திரிக கீதேம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி போய் அது பக்கத்துலயா வெப்பாங்க? வேற கவரு தர்றேன்."

அந்தப் பெண் சித்தியைப் பார்த்தாள். அவர் ஒரு கணம் யோசித்தார். காரியப் பத்திரிகை இருக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தே பொழுதைக் கழித்தவர் அவர்.

"பொண்ணு கல்யாணப் பத்திரிகைய மொதல்ல அம்மாவுக்குத்தான் வெக்கணும்" என்றார். "வெய்யுங்க."

கவரை எடுத்து வந்தேன். ரோஸ் தாள், கருப்புக் கட்டம் போட்ட தாள், அதன் மேல் புதுப் பத்திரிகை. ஈர மஞ்சள் மற்ற தாளில் ஒட்டிவிடும். நடுவில் பட்டர் பேப்பர் வைத்துத்தான் அடுக்க வேண்டும், அதுதான் முறை. மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நானே சொல்லிக்கொடுப்பது. பட்டர் பேப்பர் கட்டு கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது.

நான் எடுக்கவில்லை. கவரை அப்படியே மூடினேன்.